38 கிலோவாக இருந்த அம்மா

2015 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அப்பா அம்மாவின் மிஷனெரிப் பணித்தளத்துக்குப் போனேன். பாளையங்கோட்டையிலிருந்து சென்னை, அங்கிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹவுரா, அப்புறம் இன்னொரு ரயில், கடைசியில் ஜீப். ஜார்க்கண்டின் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் மால்டோ மக்களிடையே பல வருடங்களாக மிஷனெரிகள். அவர்கள் பேசும் மால்டோவும் திராவிட மொழிதான். 'கண்' என்ற நம் சொல்லுக்கு அவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதுவேதான், முதலெழுத்து மட்டும் தொண்டைக்குள்ளிருந்து வரும். அம்மா அதை முதல் வருடமே பிடித்துக்கொண்டாராம்.

வாசலில் வந்து நின்ற அம்மாவை ஒரு நொடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, முகம் கறுத்து, சேலைக்குள் வயிறு மட்டும் இடதுபக்கம் மேடாக இருந்தது. நவம்பர் கடைசியிலிருந்தே காய்ச்சல் விட்டுவிட்டு வந்திருக்கிறது. போனில் "சளிக்காய்ச்சல்தான், நீ பரீட்சைக்குப் படி" என்று என்னிடம் மறைத்திருக்கிறார்கள்.

டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் டைபாய்டு என்று சொல்லி இரண்டு முறை மாத்திரை கொடுத்திருந்தார்கள். மலேரியா சோதனையில் ஒன்றும் இல்லை. காய்ச்சல் நான்கு நாள் அடங்கும், திரும்பவும் சாயங்காலம் குளிரோடு ஏறும். எங்கள் மிஷனெரிச் சங்கத்தின் ஜெபக்குறிப்பில் அம்மா பெயர் போய்விட்டது. தமிழ்நாட்டில் முகம் தெரியாத எத்தனையோ ஜெபக்குழுக்கள் உபவாசம் இருந்து ஜெபித்தன. அந்த ஜெபத்துக்குப் பதில் எந்த வழியாக வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஜனவரி இரண்டாம் வாரம், மேலே மலைக்கிராமத்திலிருந்து ஒரு பாட்டி அம்மாவைப் பார்க்க இறங்கி வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, அம்மாவின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து மெதுவாக அமுக்கினார். கையை எடுக்காமலே அப்பாவைப் பார்த்து "காலா அசார்" என்றார். அவருடைய மருமகள் அதில்தான் இறந்து போனாளாம்.

காலா அசார் என்றால் கருங்காய்ச்சல். ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச், பாகூர், தும்கா, கோட்டா என்ற நான்கு மாவட்டங்களில்தான் அது இருக்கிறது. நாங்கள் அதன் நடுவிலேயே குடியிருந்தோம், ஆனாலும் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. மலைமேல் மண்வீட்டில் வரும் வியாதி என்று நினைத்துவிட்டோம். அதைப் பரப்பும் மணல் ஈ என்ற பூச்சிக்கு மண்சுவர் வெடிப்பும் மாட்டுத்தொழுவத்து ஈரமும் போதும். கொசுவைவிடச் சின்னது, சாதாரணக் கொசுவலைக் கண்ணில் புகுந்துவிடும். எங்கள் தொழுவம் அடுப்படிச் சுவரோடு ஒட்டியிருந்தது.

மறுநாளே மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போனோம். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம், ஒரு பட்டை, சில சொட்டு திரவம். நானும் அப்பாவும் மூச்சுவிடாமல் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடத்தில் இரண்டு சிவப்புக் கோடு, காலா அசார்தான். ஏழு வாரம் அலைந்தது இந்தப் பத்து நிமிடச் சோதனைக்காகத்தான். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம் என்றாலே இதைப் பார்க்க வேண்டுமாம்.

முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஊசி. இப்போது அரசு இலவசமாகத் தரும் லிபோசோமல் ஆம்போடெரிசின் (நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்த வகை) மருந்து ஒரே ஒருமுறை ஏற்றினால் போதும். எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். எடை பார்க்கும் மெஷினில் அம்மாவை ஏற்றினார்கள். 38. போன கிறிஸ்துமஸுக்கு 52 இருந்தவர். 50 மில்லிகிராம் குப்பிகள் எட்டு எடுத்தார்கள். முதலில் கொஞ்சம் ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு முழுவதையும் குளுக்கோஸில் கலந்து இரண்டு மணி நேரம் ஏற்றினார்கள். வெளிர்மஞ்சள் நிறம். பாதியில் அம்மாவுக்குக் குளிர் நடுக்கம் வந்து கட்டிலே ஆடியது. நர்ஸ் வேகத்தைக் குறைத்தார். அப்பா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு 23ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஹீமோகுளோபின் 6தான் இருந்தது. இரத்தம் வேண்டும் என்றதும் பக்கத்துப் பணித்தளத்திலிருந்து இரண்டு அண்ணன்மார் ராத்திரியே பைக்கில் வந்தார்கள்.

காய்ச்சல் நான்காம் நாள் நின்றது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அதற்கப்புறம்தான் நீண்ட காலம். நான்கு அடி நடந்தால் அம்மாவுக்கு மூச்சிரைக்கும், முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. பணித்தளத்து ஆன்ட்டிமார் முறைவைத்துச் சமைத்தார்கள். மலையிலிருந்து பெண்கள் முட்டையும் பார்பட்டி என்ற தட்டைப்பயறும் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, சாப்பிட்டாரா என்று பார்க்காமல் போக மாட்டார்கள். இத்தனை வருடம் அவர்கள் பிள்ளைகளுக்கு மருந்து ஊட்டியவர் அம்மா. இப்போது அந்தத் தாய்மார் கையால் அவர் வாங்கிச் சாப்பிட்டார். ஒருநாள் ராத்திரி என்னிடம், "நான் இவங்களுக்குக் கொடுக்க வந்தேன்னு மட்டும்தான் இவ்வளவு நாள் நெனச்சிருந்தேன்" என்று சொல்லி அழுதார்.

அந்த நாட்களில் இந்த வியாதியைப் பற்றி நிறைய வாசித்தேன். 1903இல் சென்னை அரசு மருத்துவமனையில் இருந்த டோனவன் என்ற மருத்துவர்தான் நோயாளியின் மண்ணீரலில் இந்தக் கிருமியைக் கண்டவர்களில் ஒருவர், கிருமியின் பெயரிலேயே அவர் இருக்கிறார். அதே 1903இல்தான் திருநெல்வேலிச் சபையார் தங்கள் சொந்த மிஷனெரிச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அப்பாவிடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

ஏப்ரலில் கடைசித் தேர்வை எழுதிவிட்டு மறுபடியும் போனேன். ஜூலையில் ஆறுமாதப் பரிசோதனை. டாக்டர் விலாவுக்குக் கீழே அமுக்கிப் பார்த்துவிட்டு, மண்ணீரல் கையில் படவில்லை என்றார். எடை 47. தோலில் எப்போதாவது வெளிர்ந்த புள்ளிகள் வந்தால், எத்தனை வருடம் கழித்தானாலும் உடனே வரச் சொன்னார். குணமான பிறகும் அந்தப் பட்டைச் சோதனையில் பல வருடம் இரண்டு கோடு வருமாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரமே மணல் ஈக்கு மருந்தடிக்கிறவர்கள் முதுகில் பம்போடு வந்தார்கள். முந்தைய வருடம் அவர்கள் வந்தபோது, அரிசி மூட்டைகளும் அப்பாவின் மொழிபெயர்ப்புக் காகிதங்களும் இருக்கின்றன என்று அம்மா உள்ளறையையும் அடுப்படியையும் அடிக்க விடவில்லை. இந்தத் தடவை உள்ளறைக் கதவை அவரே திறந்துவிட்டார். மூட்டைகளை நானும் அப்பாவும் வெளியே தூக்கி வைத்தோம். காகிதக் கட்டுகளை அம்மா ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே முற்றத்துக்குச் சுமந்தார்.