கோவைச் சில்லறையில் ஹைதராபாத் எவ்வளவு?

காசில் ஆண்டு எண்ணுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைர வடிவம் இருந்தால் மும்பை, வட்டப் புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இந்தியாவில் இப்போது காசு அடிப்பது இந்த நான்கு ஊர்களில்தான். நாணயம் சேர்க்கிறவர்கள் எல்லாருக்கும் இது பாலபாடம். அரிய காசு தேடும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு, கோவையிலும் திருப்பூரிலும் சும்மா கைக்கு வருகிற சில்லறையைப் பிரித்தால் எந்த ஊர்க் காசு எவ்வளவு தேறும் என்று பார்க்கலாமே என்றுதான் ஆரம்பித்தேன்.

காசு வந்தது டவுன் பஸ்ஸில், எங்கள் தெரு மளிகைக்கடையில், அப்புறம் திருப்பூரில் மாமா வைத்திருக்கும் பேக்கரியில். அதிகம் கிடைத்தது பேக்கரிக் கல்லாவில்தான். டீ, பன், தேங்காய் பன், முட்டை பப்ஸ் என்று நாள் முழுக்கச் சில்லறை புரளும் இடம். கடை சாத்தும் நேரத்தில் மாமா கல்லாப்பெட்டியை என் பக்கம் தள்ளிவிடுவார். "நட்சத்திரம் போட்டதும் அஞ்சு ரூவா, போடாததும் அஞ்சு ரூவாதானுங்க மாப்ளே" என்பது அவர் கட்சி.

பிரிக்கும் முறை பற்றிக் கொஞ்சம். முதலில் ஒரு காந்தத்தை வைத்துத் துழாவினால் எவர்சில்வர் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்கள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மஞ்சள் நிற ஐந்து ரூபாயும், பழைய பதினொரு பக்க இரண்டு ரூபாய் மாதிரி செம்பும் நிக்கலும் கலந்த காசுகளும் ஒட்டாது. அதன்பிறகு ஆண்டுவாரியாக அடுக்கிவிட்டு லென்ஸில் பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், தேய்ந்த காசில் மும்பையின் வைரம் முனை மழுங்கி நொய்டாவின் புள்ளி போலவே தெரியும். குறி முழுக்கத் தேய்ந்துபோனால் அது கொல்கத்தாக் காசாக வேஷம் போடும். அதனால் ஆண்டு எண்ணின் கடைசி இலக்கம் கூர்மையாக இல்லாத காசு எதையும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அப்படி ஒதுக்கியவை கிடக்கின்றன. ஹைதராபாத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பழைய காலத்தில் பிளந்த வைரம், நடுவில் புள்ளி வைத்த வைரம் என்றெல்லாம் குறி போட்டிருக்கிறார்கள். அவசரத்தில் பார்த்தால் மும்பை என்றே எழுதிவிடுவோம்.

சரி, கிடைத்தது என்ன? 2019க்குப் பிறகு வந்த, தானியக் கதிர் போட்ட புது வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் என் கையில் பாதிக்கு மேல் நட்சத்திரம். அடுத்து மும்பை. நொய்டா கொஞ்சம். குறியில்லாதது அதைவிடக் குறைவு. ஆனால் 1992 முதல் 2004 வரை வந்த பழைய எவர்சில்வர் ஒரு ரூபாயில் இந்தச் சாய்வே கிடையாது. நான்கு ஊரும் கலந்து கிடக்கின்றன, எது அதிகம் என்று சொல்ல முடியாத அளவுக்கு.

புதுக் காசில் மட்டும் ஏன் ஒரு ஊர் தூக்கலாக நிற்கிறது? நாணயம் அடிப்பது மத்திய அரசு, புழக்கத்தில் விடுவது ரிசர்வ் வங்கி. நாணயச்சாலையிலிருந்து வரும் காசை முதலில் வாங்கிக்கொள்வது ரிசர்வ் வங்கியின் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், டில்லி அலுவலகங்கள். அங்கிருந்துதான் மற்ற ஊர் அலுவலகங்களுக்கும், பிறகு வங்கிகளின் பணப் பெட்டகங்களுக்கும் போகிறது. காசு என்பது நோட்டு மாதிரி இல்லை, கனம். இப்போதைய ஐந்து ரூபாய் 6.74 கிராம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு அதைக் கொண்டுவர 674 கிலோ தூக்க வேண்டும். அதே தொகை ஐந்நூறு ரூபாய் நோட்டில் பத்துக் கட்டு, ஒரு மஞ்சப்பையில் அடங்கிவிடும். இந்த எடையை லாரியிலோ ரயிலிலோ ஏற்றுகிறவர்கள் பக்கத்தில் இருப்பதைத்தானே முதலில் தேடுவார்கள். தமிழ்நாட்டில் நாணயச்சாலை கிடையாது. சென்னையில் தங்கசாலைத் தெரு என்று பெயர் மட்டும் மிச்சம், அங்கே காசு அடிப்பது 1869லேயே நின்றுபோயிற்று. நமக்கு நான்கில் பக்கத்து ஊர் ஹைதராபாத்.

பழைய காசு கலந்துபோனதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இருபது முப்பது வருஷம் பஸ்ஸிலும் ரயிலிலும் கோயில் உண்டியலிலும் சுற்றிய காசு எங்கே பிறந்தது என்பது அதற்கே மறந்திருக்கும்.

திருப்பூர்தான் என்னை யோசிக்க வைத்தது. மளிகைக்கடையில் கிடைத்ததைவிட பேக்கரிக் கல்லாவில், புது வரிசையிலேயே, குறியில்லாத கொல்கத்தாக் காசு கூடுதல். கண்ணால் பார்த்தாலே தெரிகிற வித்தியாசம். பேக்கரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் எக்ஸ்பிரஸ் ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகத்தான் போகிறது. ஊருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் நாலு காசு வரத்தானே செய்யும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் ஊர் போய் வந்த பிறகு கல்லாவைத் தனியாகப் பார்த்தால் இது உறுதியாகும் என்பது என் கணக்கு. இப்போதைக்கு ஊகம்தான்.

பத்து ரூபாய்க் காசைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம்ம பக்கம் அது ஓடுகிற ஓட்டமே தனி. செல்லாது என்கிற வதந்தியை எவர் கிளப்பினாரோ, 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்த பிறகும், சில கடைகளில் நீட்டினால் "வேற குடுங்க" என்பார்கள். கடையில் ஓடாத காசு கைக்கு வராது. கைக்கு வராததை எண்ணி என்ன முடிவு சொல்ல?

நடுவில் சில எதிர்பாராத வரவுகளும் உண்டு. ஆண்டுக்குக் கீழே ஹெச் என்ற எழுத்து போட்ட 1985 ஒரு ரூபாய் ஒன்று மளிகைக்கடையில் கிடைத்தது. அது பர்மிங்காமில் அடித்தது. நம் நாணயச்சாலைகள் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத காலங்களில் வெளிநாட்டில் அடித்து வாங்கியிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்லோவாகியாவின் கிரெம்னிட்சாவில் அடித்த, எம்கே குறி போட்ட ஒரு ரூபாயும் பேக்கரியில் வந்தது. மாஸ்கோவில் அடித்த கனமான ஐந்து ரூபாய் மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை.

தூரத்து ஊர்க் காசு கொங்கு நாட்டுக்குப் புதுசும் இல்லை. 1842இல் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுப் புதையலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் அதிகம் கிடைப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். அவற்றில் பெரும்பகுதி அடிக்கப்பட்டது ரோமில்கூட இல்லை, இன்றைய பிரான்சின் லியோனில். கனம் பார்க்காமல் கப்பலேற்றியிருக்கிறார்கள். வெள்ளி என்றால் அப்படித்தான், எவர்சில்வருக்கு அந்த மரியாதை கிடைக்குமா?

அடுத்ததாக, பாலக்காட்டில் இருக்கும் சித்தி மகனிடம் அங்கத்திய சில்லறையைப் புது வரிசை மட்டும் பிரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாளையார் தாண்டியும் நட்சத்திரம்தான் முன்னால் நிற்கிறதா, இல்லை மும்பை மேலேறுகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணி முடித்ததும் டீ குடித்துச் செலவழித்துவிடாதே என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.