மேட்டுப் புல்லும் பள்ளத்துப் புற்போரும்: மாடிசன் பள்ளத்தாக்கு நாட்குறிப்பு

ஜனவரி 16

விடிவதற்குள் பண்ணையிலிருந்து போன். ராத்திரி எல்க் கூட்டம் இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பண்ணைக்காரப் பெரியவர் புற்போரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஆல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிரைக் காயவைத்துச் சுருட்டிய உருளைகளின் ஒரு பக்கம் முழுக்கக் குடைந்திருந்தது. இலையை உருவித் தின்றுவிட்டு, தண்டைக் காலடியில் போட்டு மிதித்திருந்தன. மேலெல்லாம் மூத்திரமும் புழுக்கையும். "தின்னது போகட்டும். மிதிச்சு நாசம் பண்ணினதை என் மாடு மோந்துகூடப் பாக்காது" என்றார். போருக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த முள்கம்பி நாலைந்து இடத்தில் அறுந்து பனியில் புதைந்து கிடந்தது.

எல்க்கைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கு அது பெரிய கொம்பு வைத்த ஓர் அழகான மான். பெண் எல்க் 225 கிலோ இருக்கும், ஆண் 300 கிலோவைத் தாண்டும். மேய்ச்சல் கணக்கில் மூன்று எல்க் தின்பது ஏறக்குறைய இரண்டு மாடு தின்பதற்குச் சமம். இருநூறு எல்க் ஒரு வாரம் தங்கினால் என்ன மிஞ்சும்? வசந்தம் வரும்வரை மாடுகளைக் காப்பாற்ற வேண்டிய தீவனம் அது.

இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் எல்க் செய்யும் சேதத்துக்கு அரசு பணமாக இழப்பீடு தருவதில்லை. பக்கத்து வயோமிங்கிலும் கொலராடோவிலும் தருகிறார்கள். இங்கே கிடைப்பது விரட்ட ஆள், வேலிக்குச் சாமான், நிலைமை முற்றினால் கூடுதல் வேட்டை அனுமதி. அதுவும் பொதுமக்களை வேட்டைக்கு உள்ளே விடும் பண்ணைகளுக்குத்தான்.

பிப்ரவரி 3

போரைச் சுற்றி எட்டடி உயரத்துக்குக் கம்பிவலை வந்துவிட்டது. தரை இரும்பாக உறைந்து கிடப்பதால் கம்பம் நடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெரியவரின் போர் இனி பத்திரம். ஆனால் அதே கூட்டம் நேற்றே ஆற்றைத் தாண்டி அடுத்த பண்ணையில் மாடுகளோடு சேர்ந்து தின்றுகொண்டிருந்தது. வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதில்லாமல் இங்கே யாரும் பிழைக்க முடியாது. ஆனால் வேலி பசியைத் தீர்ப்பதில்லை, அடுத்தவர் வாசலுக்கு அனுப்பிவைக்கிறது.

பிப்ரவரி 22

இன்று அடுத்த பண்ணைக்காரம்மா பேசியது தீவனத்தைப் பற்றியல்ல, கருவைச் சிதைக்கும் புருசெல்லா தொற்றுநோயைப் பற்றி. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வட்டாரத்து எல்க்குகளில் அது உண்டு. ஒரு காலத்தில் மாடுகள் வழியாகத்தான் காட்டு விலங்குகளுக்குப் போனது. 1917-லேயே யெல்லோஸ்டோன் காட்டெருமைகளில் கண்டுபிடித்தார்கள். இப்போது அது எல்க்கிடமிருந்து மாட்டுக்குத் திரும்பி வருகிறது. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நோய் கண்ட பெண் எல்க் கருச்சிதைந்தால், அந்த இடத்தை நக்கும் மாட்டுக்கும் தொற்றும். 2008-ல் மொன்டானா தன் "நோயற்ற மாநிலம்" என்ற தகுதியையே இதனால் இழந்தது. ஒரு மாட்டுக்கு நோய் உறுதியானால் அந்தப் பண்ணையிலிருந்து கன்றுகளை நினைத்தபடி வெளியே விற்க முடியாது. குளிர்காலக் கடைசியில் எல்க்கும் மாடும் ஒரே தொட்டியில் தின்னக் கூடாது என்று இந்த அம்மா மன்றாடுவதில் துளியும் மிகையில்லை.

ஏப்ரல் 12

கிரேவலி மலையடிவாரத்தில், பெரியவரின் சொந்த மேட்டு நிலத்தில் நாள் முழுக்க நடை. எல்க் குளிர்காலத்தில் நிற்க வேண்டிய இடம் இதுதான். ஏன் நிற்காமல் கீழே இறங்குகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

ஒரு புளூபஞ்ச் புற்கொத்தின் பக்கத்தில் மண்டியிட்டுக் கையால் விலக்கிப் பார்த்தேன். வெளியே சாம்பல் நிறத்தில் பழைய காம்புகள், இரண்டு மூன்று வருடத்துச் சருகு, தொட்டால் உள்ளங்கையைக் குத்துகிறது. அவற்றுக்கு நடுவே, விரல் நுழைந்தால்தான் எட்டும் ஆழத்தில், இந்த வருடத்துப் பச்சை. வாயை வைக்கும் விலங்கு அந்தக் காம்புகளையும் சேர்த்துத்தான் கடித்தாக வேண்டும். கீழே ஆல்ஃபால்ஃபா காத்திருக்கும்போது யார் இங்கே மெனக்கெடுவார்கள்? நாங்கள் எல்லோரும் நினைத்ததுபோல் இங்கே புல் குறைவில்லை. தின்னத் தகுந்த புல்தான் குறைவு. இந்தப் பகுதி பல வருடங்களாக மேயப்படாமலே கிடந்திருக்கிறது.

இன்னொரு சங்கதி மரம். சரிவில் சேஜ் புதர்களுக்கிடையே இடுப்புயரம், தோளுயரம் என்று டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் ஏறி வருகின்றன. முன்பு அவ்வப்போது தீ வந்து இவற்றைக் கழித்துவிடும். 1935-லிருந்து பல பத்தாண்டுகள், தீ தெரிந்த மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தே ஆக வேண்டும் என்பது வனத்துறையின் விதியாக இருந்தது. அந்த நல்லெண்ணத்தின் விளைவுகளில் ஒன்று என் கண்முன்னே நிற்கிறது. நிழல் விழுந்த இடத்தில் புல் மெலிந்துபோகிறது.

மே 4

கூட்டம். பண்ணைக்காரர்கள், வேட்டைக்காரர்கள், வனத்துறை, மாநில வனவிலங்குத் துறை எல்லோரும் ஒரே கூடத்தில். முதல் ஒரு மணி நேரம் பழைய கோபங்கள்.

மேட்டு நிலத்தில் மாட்டை விடலாம் என்று நான் சொன்னதும் ஒரு வேட்டைக்காரர் எழுந்துவிட்டார். எல்க்குக்கு வைத்திருக்கும் புல்லை மாட்டுக்குக் கொடுப்பதா? நியாயமான கேள்வி. ஒரேகானின் பிரிட்ஜ் கிரீக் பகுதியைச் சொன்னேன். அங்கே 1960-களில் எல்க் குளிர்கால நிலத்தில், வளரும் பருவத்தில் அளவோடு மாடு மேய்த்தார்கள். பழைய காம்பு போய், மறுதுளிர் சத்தோடு காய்ந்து நின்றது. முந்நூற்றுச் சொச்சமாக இருந்த எல்க், 1970-களின் நடுவில் ஆயிரத்தைத் தாண்டியது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே கிரேவலி அடிவாரத்தில் வால் கிரீக் மாநில வனவிலங்கு நிலத்தில் சுற்று மேய்ச்சல் பல வருடங்களாக நடக்கிறது.

முறை இதுதான். நிலத்தை மூன்றாகப் பிரிப்பது. ஒன்றில் புல் வளரும்போதே மாடு மேயும். இரண்டாவதில் விதை முற்றிய பிறகு மேயும், குளம்பு விதையை மண்ணில் அழுத்திவிடும். மூன்றாவது வருடம் முழுக்க ஓய்வு. அடுத்த வருடம் இடம் மாறும். கஸ் ஹோர்மே என்ற மேய்ச்சல் அறிஞர் கலிபோர்னியாவின் ஹார்வி பள்ளத்தாக்கில் 1950-களில் செய்து காட்டியது இது. மாடு அளவு மீறி நின்றால் எல்லாம் பாழ், அதையும் சொன்னேன். எந்தத் தேதியில் ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது.

பெரியவர் கடைசியில் கேட்டார்: "தண்ணி?" மேட்டில் ஒரே ஓர் ஊற்று, அதுவும் மிதிபட்டுச் சேறாகிக் கிடக்கிறது. அதைச் சுற்றி வேலி போட்டு, குழாய் வழியாகத் தள்ளி ஒரு தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் மாடு ஓடைக்கரையை விட்டு நகராது. அவர் கேட்ட பிறகுதான் கூட்டம் கூட்டமானது.

ஜூன் 18

ஃபிர் கன்றுகளை வெட்டத் தொடங்கிவிட்டோம். தீ வைத்தால் ஒரே நாளில் முடியுமே என்று பலர் கேட்கிறார்கள். இந்தச் சரிவில் நான் தீக்கு ஒப்பவில்லை. மலைச் சேஜ் எரிந்தால் பழையபடி வர பல பத்தாண்டுகள் ஆகும். குளிர்காலத்தில் மியூல் மான்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. தெற்குப் பார்த்த வறண்ட சரிவில் தீக்குப் பின் சீட்கிராஸ் என்ற வெளிநாட்டுக் களைப்புல் நுழைந்துவிட்டால் பிறகு அதை வெளியேற்றவே முடியாது. ஜூனிலேயே காய்ந்து, அடுத்த தீக்குத் தானே விறகாகும். எல்க்குக்காக மானின் சோற்றைப் பிடுங்குவது சீர்திருத்தம் ஆகாது. வடக்குப் பக்கம், ஆஸ்பென் மரத் தோப்பை ஃபிர் மூடியிருக்கிற இடத்தில் மட்டும் தீ வைக்கலாம் என்று முடிவு. ஆஸ்பென் வேரிலிருந்தே துளிர்க்கும்.

வேலியையும் மாற்றுகிறோம். மேல்கம்பி 40 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், கடைசிக் கம்பி முள்ளில்லாமல் தரையிலிருந்து 16 முதல் 18 அங்குலம் உயரத்தில். எல்க் கன்று தாண்டலாம், பிராங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு அடியில் நுழையலாம். வருடா வருடம் அறுந்த கம்பியை முடிச்சுப் போடும் வேலையும் குறையும்.

ஜூலை 30

மாட்டை முதல் பகுதியிலிருந்து இறக்கியாகிவிட்டது. வெயில் கடுமை. எழுத வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 21

மழை கொஞ்சம் பெய்தது. முதல் பகுதியில் மறுதுளிர் நான்கு விரற்கடை. மேயாத பகுதியையும் மேய்ந்த பகுதியையும் பிரிக்கும் வேலியின் மேல் நின்று பார்த்தால் இடதுபுறம் சாம்பல், வலதுபுறம் பச்சை. பெரியவர் குனிந்து ஒரு கொத்தைப் பிய்த்து மென்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்டோபர் 31

துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கி முதல் வாரம். மேட்டில் இருந்த எல்க் எல்லாம் இரண்டே நாளில் கீழே போய்விட்டன. வேட்டைக்கு யாரையும் விடாத ஒரு பெரிய நிலம் பள்ளத்தாக்கில் இருக்கிறது, அங்கேதான். எவ்வளவு நல்ல புல்லாக இருந்தாலும் பக்கத்திலேயே வண்டி உறுமிக்கொண்டிருந்தால் எந்த விலங்கு நிற்கும்? ஒரேகானின் ஸ்டார்க்கி காட்டில் 1989-லிருந்து நடக்கும் ஆய்வு இதைத்தான் காட்டியது: வண்டி ஓடும் சாலையிலிருந்து எல்க் விலகிப்போகிறது.

வாழிடம் என்றால் தீனி, தண்ணீர் என்று பேசிவிட்டு அமைதியை விட்டுவிட்டால் எல்லாம் அரைகுறை. மேட்டுக்குப் போகும் மண்சாலையில் ஒரு கதவு வேண்டும். வேட்டைக்காரர்கள் நடந்து போகட்டும். கீழ்நிலத்தில் பெண் எல்க் வேட்டைக்கு நாலு பேரையாவது விடட்டும். கீழே அழுத்தம், மேலே அமைதி. இப்போது இருப்பது நேர்த் தலைகீழ்.

டிசம்பர் 9

இரண்டடிப் பனி. காலையில் தொலைநோக்கி வைத்துப் பார்த்ததில் மேட்டில் மேய்ந்த பகுதியில் எண்பது எல்க் வரை பனியைக் கிளறிக்கொண்டிருந்தன. பக்கத்துப் பகுதியில் ஒன்றுகூட இல்லை. பள்ளத்திலும் எல்க் இருக்கத்தான் இருக்கின்றன, அடுத்த பண்ணைக்காரம்மா நேற்றும் கூப்பிட்டார். ஒரு வருடத்துப் புல்லை வைத்து நான் எதையும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். மூன்று பகுதியும் ஒரு சுற்றாவது வரட்டும்.

பெரியவர் அடுத்த கோடைக்கு இரண்டாவது தொட்டிக்குக் குழாய் கேட்டிருக்கிறார், பாதிச் செலவு தன்னுடையது என்கிறார். வேட்டைக்கு விடாத அந்த நிலத்தின் மேலாளர் மார்ச் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். வாக்குக் கொடுக்கவில்லை, வருகிறேன் என்றார். மண்சாலைக் கதவு எங்கே வர வேண்டும் என்ற வரைபடத்தை இந்த வாரமே முடித்து வனத்துறைக்கு அனுப்ப வேண்டும்.