அந்த நோட்டுல அம்மா பேர் இல்ல

போன வாரம் கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்ட கேள்வி இன்னும் மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு, எழுதிட்டாவாவது கொஞ்சம் இறங்குமான்னு பாக்குறேன். நான் குடியாத்தம் பக்கம், இப்ப காட்பாடில தங்கி ஒரு காலேஜ்ல ஹிஸ்டரி எடுக்குறேன். பி.ஏ. பசங்களுக்கு அமெரிக்க வரலாறுன்னு ஒரு பேப்பர் இருக்கு, அதுல உள்நாட்டுப் போர், அதுக்கப்புறம் வர்ற மறுசீரமைப்பு காலம், இந்த ரெண்டையும் நான் எப்பவுமே ஒரு லெட்டர்ல இருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஜோர்டன் ஆண்டர்சன்னு ஒருத்தர். டென்னசில ஒரு கர்னல் வீட்டுல அடிமையா இருந்தவரு, போர் நடக்கும்போதே விடுதலையாகி ஒஹாயோல டேட்டன் ஊருக்கு குடும்பத்தோட போயிட்டாரு. 1865ல போர் முடிஞ்சதும் பழைய எஜமான் கடுதாசி போடுறான், திரும்பி வா, நல்லா வச்சுக்குறேன்னு. இவரு சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதின பதில்தான் அந்த லெட்டர். நான் உங்க கிட்ட 32 வருஷம் உழைச்சேன், என் சம்சாரம் மாண்டி 20 வருஷம் உழைச்சா, எனக்கு மாசம் 25 டாலர், அவளுக்கு வாரம் 2 டாலர்னு போட்டா 11,680 டாலர் ஆகுது, அத வட்டியோட அனுப்புங்க, நீங்க எங்களுக்கு எடுத்து குடுத்த துணிக்கும், எனக்காக டாக்டர் மூணு தடவை வந்ததுக்கும், மாண்டிக்கு ஒரு பல்லு பிடுங்கினதுக்கும் உண்டானத கழிச்சுக்குங்க, மிச்சம் வந்தா நீங்க சொல்றத நம்புறோம்னு எழுதுறாரு. அந்த பல்லு பிடுங்கின கணக்கு வரும்போது கிளாஸ் அப்படியே அமைதியாயிடும், எல்லா வருஷமும் அப்படித்தான்.

இந்த தடவை மூணாவது பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு, பேர்ணாம்பட்டு பக்கத்துல இருந்து பஸ் புடிச்சு வர்ற பொண்ணு, "சார், துட்டு வந்துச்சா?"ன்னு கேட்டுச்சு.

வரலம்மான்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கு கொஞ்ச நேரம் பேச்சு வரல.

ஏன்னா எங்க வீட்டுலயும் ஒரு கணக்கு நோட்டு இருக்கு. எங்க ஆயாவோடது, அம்மாவோட அம்மா. காக்கி கலர் அட்டை, ஓரமெல்லாம் செல்லரிச்சு, நடுவுல நூல் போட்டு தைச்சது. இடது பக்கம் பத்து, வலது பக்கம் வரவு. முதல் பக்கத்துல முன்பணம் 600ன்னு நீல இங்க்ல எழுதியிருக்கு, எழுதினது பீடி ஏஜெண்ட், ஆயாவுக்கு எழுத்து தெரியாது. வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு ஊரே துணி எடுக்குது, தாத்தா வேற காய்ச்சல்ல படுத்துட்டாரு, அப்ப வாங்கின துட்டு அது. அன்னில இருந்து வாராவாரம் எலையும் தூளும் எடை போட்டு தருவாங்க, அதுக்கு இத்தன ஆயிரம் பீடின்னு கணக்கா சுத்தி குடுக்கணும், எலை ஓட்டையும் பொத்தலுமா இருந்தா பீடி எண்ணிக்கை வராது, வராதது ஆயா கணக்குல பத்து. கட்டு பிரிச்சு பாத்து இது லூசு, இது சின்னதுன்னு தூக்கி ஓரமா போடுவாங்க, அதுக்கும் கூலி கிடையாது, ஆனா தூக்கி போட்ட பீடிய திருப்பி தரவும் மாட்டாங்க. ஆறு வருஷம் அந்த நோட்டு ஓடியிருக்கு, கடைசி பக்கத்துக்கு முந்தின பக்கத்துல பாக்கி 740. வாங்கினது 600. வேலூரெல்லாம் அப்ப வட ஆற்காடு ஜில்லாதான், குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் எந்த தெருவுல நுழைஞ்சாலும் திண்ணைக்கு திண்ணை மடியில முறத்தோட ஒரு பொம்பள இருக்கும், பக்கத்துல ஒரு குழந்தை முனை மடக்கிக்கிட்டு இருக்கும்.

சரி, அமெரிக்காவுக்கு வரேன். போர் எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா மாநில உரிமைன்னு ஒரு பதில் நம்ம கைடுல கூட இருக்கு. நான் அத பசங்கள எழுத விடமாட்டேன். எந்த உரிமை? ஆள வாங்குற விக்கிற உரிமை. 1861 ஜனவரில பிரிஞ்சு போன மிசிசிப்பி மாநிலமே அதோட அறிக்கைல எங்க நிலைமை முழுக்க அடிமை முறையோட கட்டிப்போட்டதுன்னு வெளிப்படையா எழுதி வச்சிருக்கு, அப்புறம் நாம எதுக்கு பூசி மெழுகணும்? 1860 சென்சஸ்படி கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அங்க அடிமை. லிங்கன் ஜெயிச்சாரு, அடிமை முறை புது நிலங்களுக்கு பரவக்கூடாதுங்கறது அவரு கட்சி நிலைப்பாடு, உடனே தெற்குல ஒண்ணொண்ணா கழண்டு கடைசில 11 மாநிலம் தனியா போச்சு, 1861 ஏப்ரல்ல சம்டர் கோட்டைல சுட ஆரம்பிச்சது நாலு வருஷம் ஓடி ஆறு லட்சத்துக்கும் மேல சாவு. லிங்கனும் முதல்ல நாட்ட ஒண்ணா வச்சுக்கத்தான் போருக்கு போனாரு, விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1லதான் வருது, அதுவும் பிரிஞ்சு போய் சண்டை போட்ட மாநிலங்களுக்கு மட்டும். ஆனா அதுக்குள்ள அடிமைங்க தாங்களா பண்ணைய விட்டு வடக்கு ராணுவத்து பக்கம் கூட்டம் கூட்டமா ஓடி வந்துட்டாங்க, பின்னாடி ஒரு லட்சத்து எண்பதாயிரம் கறுப்பு சிப்பாய்ங்க வடக்கு பக்கம் துப்பாக்கி தூக்கினாங்க. விடுதலைய மேல இருந்து யாரோ ஒருத்தர் குடுத்தாருன்னு மட்டும் சொல்லிக்குடுத்தா அது அரைப்பாடம்.

ஒரு விஷயம் எனக்கு தாங்கவே முடியாது. 1862ல தலைநகர் வாஷிங்டன்ல அடிமைங்கள விடுதலை பண்ண சட்டம் போட்டாங்க, நஷ்ட ஈடும் குடுத்தாங்க, ஒரு ஆளுக்கு 300 டாலர் வரைக்கும். யாருக்கு? வச்சிருந்த எஜமானுக்கு. உழைச்சவனுக்கு கூலி பாக்கின்னு எந்த சர்க்காரும் எழுதல.

நிலம் மட்டும் கொஞ்ச நாள் வந்துச்சு. 1865 ஜனவரில ஜெனரல் ஷெர்மன் போட்ட ஆர்டர்ல சவுத் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா கடலோர நிலத்த குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரைக்கும் பிரிச்சு குடுக்க சொன்னாரு, கிட்டத்தட்ட 40,000 பேர் போய் உக்காந்து உழுது போட்டாங்க. ஏப்ரல்ல லிங்கன சுட்டுட்டாங்க, அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிங்களுக்கு மன்னிப்பு குடுத்து, கூடவே நிலத்தையும் திருப்பி குடுக்க சொல்லிட்டாரு. இத போய் சொல்றதுக்கு அக்டோபர்ல ஜெனரல் ஹோவர்ட எடிஸ்டோ தீவுக்கு அனுப்புறாங்க. விடுதலையான மக்களோட நலனுக்குன்னே தொடங்கின துறைக்கு தலைவரு அவரு. ஒரு சர்ச்சுல ஜனங்கள உக்கார வச்சு, நிலத்த விட்டுக்குடுங்க, பழசெல்லாம் மன்னிச்சுடுங்கன்னு சொல்றாரு. அந்த ஜனங்க பதிலுக்கு மனு எழுதினாங்க. எங்க தீவோட நிலக்காரன மன்னிக்க சொல்றீங்க, நீங்க போர்ல ஒரு கைய இழந்தவரு, உங்களால ஒருவேளை முடியும், ஆனா என்னை மரத்துல கட்டி 39 அடி அடிச்சவன், எங்க அம்மாவையும் அக்காவையும் துணிய உருவி அடிச்சவன், அவன் நிலத்துல அவன் சொல்ற கூலிக்கு வேலை செஞ்சாதான் காலி குடிசைல கூட இருக்க விடுவேங்கறவன், அவன நான் எப்படி மன்னிக்கிறதுன்னு கேட்டிருக்காங்க. இத படிச்ச அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல.

நிலம் போனதும் என்ன ஆகும்? நம்ம ஊர்ல யாருக்கும் இத விளக்க வேண்டியதில்ல. விளைச்சல்ல பங்கு குடுத்து வாரத்துக்கு உழணும். விதை, ஏரு, மாடு, சாப்பாட்டு சாமான் எல்லாம் நிலக்காரன் கடைலயோ அவன் சொல்ற கடைலயோ கடன், பருத்தி எடுத்ததும் கணக்கு பாப்பாங்க, நோட்டு அவங்க கைல, வருஷக்கடைசில பாக்கி நிக்கும், பாக்கி இருக்குற வரைக்கும் அடுத்த வருஷமும் அங்கயேதான். மிசிசிப்பில 1865லயே சட்டம் போட்டாங்க, வேலைல இருக்கறதுக்கு எழுத்துல ஆதாரம் இல்லாத கறுப்பர சும்மா திரியறவன்னு புடிக்கலாம், அபராதம் கட்ட முடியலன்னா அந்த அபராதத்த கட்டுறவன் கிட்ட கூலிக்கு அனுப்பிடலாம். அமெரிக்க அரசியல் சட்டத்தோட 13வது திருத்தம் அடிமை முறைய ஒழிச்சது நெசம்தான், ஆனா குற்றத்துக்கு தண்டனையா இருந்தா தவிரன்னு அதுலயே ஒரு வரி இருக்கு, அந்த ஒரு வரிக்குள்ள எத்தன ஆயிரம் கைதிங்கள சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் வாடகைக்கு விட்டாங்கன்னு படிச்சா மனசு ஆறாது.

நல்லதும் நடந்துச்சு, அத மறைக்க கூடாது. 14வது திருத்தம் குடியுரிமை, 1870ல 15வது திருத்தம் ஓட்டுரிமை, அதே வருஷம் ஹைரம் ரெவெல்ஸ் மிசிசிப்பில இருந்து முதல் கறுப்பு செனட்டரா போய் உக்காந்தாரு. பள்ளிக்கூடம்னா தாத்தாவும் பேரனும் ஒரே பெஞ்சுல வந்து உக்காந்தாங்க. (அதே 1870லதான் நம்ம ராணிப்பேட்டைல, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் பொறந்தாங்க. அமெரிக்க பாதிரியாருங்களோட ஆற்காடு மிஷன் 1853லயே இங்க வந்துடுச்சு, அந்த பாதிரியாருங்க சொந்த நாடு ரெண்டா பிளந்து கிடந்த நாலு வருஷமும் அவங்க இங்க இருந்திருக்காங்க, ஊர்ல இருந்து கப்பல்ல வர்ற கடுதாசிய எப்படி பிரிச்சு படிச்சிருப்பாங்கன்னு சி.எம்.சி. பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு தோணும்.) ஆனா இந்த பக்கம் கூ கிளக்ஸ் கிளான்னு ஒரு வெள்ளை இனவெறிக் கும்பல், ஓட்டு போட வந்தவங்கள சுடுறது, கொளுத்துறது. 1876 அதிபர் தேர்தல் இழுபறியாகி, 1877ல பேரம் பேசி ஹேஸ் அதிபர் நாற்காலில உக்காந்தாரு, தெற்குல மிச்சம் இருந்த ராணுவம் காவல்ல இருந்து விலகிடுச்சு. அவ்ளோதான். அதுக்கப்புறம் கறுப்பருக்கு அந்த ஓட்டுரிமை நெசமாவே கைக்கு வர்றதுக்கு 1965 ஆச்சு.

1913ல கெட்டிஸ்பர்க் போர் நடந்து 50 வருஷம் ஆனதுக்கு ரெண்டு பக்கத்து பழைய சிப்பாய்ங்க 50,000 பேருக்கு மேல அந்த மைதானத்துல கூடினாங்க. எந்த கல் சுவர் கிட்ட அடிச்சுக்கிட்டு செத்தாங்களோ அதே சுவருக்கு மேல கைய நீட்டி குலுக்கிக்கிட்டாங்க, போட்டோ இருக்கு, எல்லாம் வெள்ளை தாடி கிழவங்க. பாக்க அழகாதான் இருக்கு. ஆனா அந்த போட்டோவுல கறுப்பு சிப்பாய் யாரும் இல்ல. அண்ணன் தம்பி சண்டை, சமாதானம் ஆயிட்டாங்கன்னு நாடே சந்தோஷப்பட்டுச்சு, எதுக்காக சண்டை வந்துச்சோ அந்த ஜனங்கள வெளிய நிறுத்திட்டு வந்த சமாதானம் அது. பிளந்த நாட்ட ஒட்ட வச்சது தப்புன்னு நான் சொல்லல, யார் பங்க வித்து ஒட்ட வச்சாங்கங்கறதுதான் எனக்கு கேள்வி.

இங்கயும் சட்டத்துக்கு குறைச்சல் இல்ல. 1843லயே அடிமை முறைக்கு எதிரா கம்பெனி சர்க்கார் சட்டம் போட்டுச்சு, அதுக்கப்புறமும் எங்க தாத்தாவோட அப்பா படியாளாதான் செத்தாரு. 1892ல செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதின அறிக்கைய வச்சு தலித் ஜனங்களுக்குன்னு பஞ்சமி நிலம் வந்துச்சு, வேற ஆளுக்கு விக்க கூடாதுன்னு கண்டிஷனோட, அந்த நிலத்துல எவ்ளோ இப்ப அந்த ஜனங்க கைல இருக்குன்னு கேட்டா பதில் எல்லாருக்கும் தெரியும், அதையும் 40 ஏக்கரையும் நான் பக்கத்து பக்கத்துலதான் போர்டுல எழுதுவேன். 1976ல கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணக் கடன் மொத்தமா ரத்துன்னு தெளிவா சொல்லுது. எங்க ஆயா நோட்டுல முதல் தேதி அதுக்கு பல வருஷம் அப்புறம்தான். சட்டப்படி அந்த 740 ரூபா அன்னிக்கே செல்லாது, ஒருத்தரும் வந்து சொல்லல. 2019 ஜூலைல காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாவுல மரம் வெட்டுற இடங்கள்ல இருந்து இருளர் குடும்பங்கள மீட்டாங்களே, ஒரு பெரியவர் அதிகாரி கால்ல விழுந்தாரே, அந்த போட்டோவ பாத்துட்டு அம்மா டிவிய நிறுத்த சொல்லிட்டாங்க. மீட்டா விடுதலைச் சான்று குடுக்குறாங்க, கைல கொஞ்சம் துட்டு தர்றாங்க, மிச்ச நிவாரணம் கேஸ் நடந்து தண்டனை வந்தப்புறம்தான்னு விதி இருந்துச்சு, அதுவரைக்கும் அந்த குடும்பம் எங்க போய் யார் கிட்ட முன்பணம் வாங்கும்னு யோசிச்சு பாருங்க.

எங்க நோட்ட முடிச்சது சட்டம் இல்ல. பெரிய மாமா பதினாறு வயசுல ஆம்பூர்ல தோல் ஷாப்புக்கு போயி, ஒன்றரை வருஷம் தீபாவளிக்கு கூட துணி எடுக்காம, துட்டு கொண்டாந்து கட்டினாரு. கடைசி பக்கத்துல கணக்கு தீந்துச்சுன்னு ஏஜெண்ட் எழுதி கையெழுத்து போட்டிருக்காரு.

ஞாயித்துக்கிழமை ஊருக்கு போனப்போ அந்த பொண்ணு கேட்ட கேள்விய அம்மா கிட்ட சொன்னேன், ஜோர்டன் கதையும் சொன்னேன். பல்லு கணக்கு வந்தப்போ அம்மா வாய மூடிக்கினு சிரிச்சாங்க, கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம் பொட்டிய இறக்கி நோட்ட எடுத்து குடுத்து, "போடு பாக்கலாம், நமக்கு எவ்ளோ வரணும்னு"ன்னாங்க. நானும் வெள்ளைத் தாள் எடுத்துக்கினு வராண்டாவுல உக்காந்து, வாராவாரம் ஆயா சுத்தின பீடி, புடிச்ச துட்டு, ஓரமா தூக்கி போட்ட கட்டு எல்லாத்தையும் கூட்டினேன், அந்த காய்ச்சலுக்கு ஏஜெண்ட் தந்த ஊசி மருந்து காச கழிச்சேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு. படிச்சு காட்டினேன். அம்மா கேட்டுக்கினு இருந்தாங்க, வலது கை ஆள்காட்டி விரல கட்டை விரலால தேய்ச்சுக்கினே இருந்தாங்க, எட்டு வயசுல முனை மடக்கி மடக்கி காய்ச்சுப்போன விரலு அது, இன்னும் அந்த எடத்துல தோல் தடிப்பாதான் இருக்கும்.

"இதுல ஆயாவுது மட்டும்தானே கீது, என்னுது எங்கடா?"ன்னு கேட்டாங்க.

நோட்ட முதல் பக்கத்துல இருந்து திரும்ப பொரட்டி பாத்தேன். எங்கயும் அம்மா பேர் இல்ல. பேனாவ எடுத்து தாளோட கீழ அம்மா பேர எழுதினேன், "எந்த வயசுல இருந்தும்மா?"ன்னு கேட்டேன்.