பாக்கெட்டில் இருந்த உறை

எவரெஸ்டில் 1924 ஜூன் 8 அன்று காணாமல் போன பிரிட்டிஷ் மலையேறிகள் மேலரி, இர்வின் பற்றிப் பேசினாலே, உச்சியைத் தொட்டார்களா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கோ தேடிப் போனவர்கள் மேல்தான் கிறுக்கு.

1933-ல் ஒரு பனிக்கோடரி கிடைத்தது. 1975-ல் வாங் ஹொங்பாவ் என்ற சீன மலையேறி, முகாமுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆங்கிலேயர் உடலைப் பார்த்திருக்கிறார். 1979-ல் அதை ஒரு ஜப்பானியரிடம் சொன்னார். மறுநாளே பனிச்சரிவில் இறந்துவிட்டார். நாவலில் எழுதினால் நம்பமாட்டோம்.

அப்புறம் யோஹன் ஹெம்லெப் என்ற ஜெர்மன் மாணவர், பழைய படங்களில் பின்னால் தெரியும் பாறைகளை வைத்தே அந்தச் சீன முகாம் இருந்த இடத்தைக் கணித்தார். 1999 மே 1 அன்று, 8,150 மீட்டருக்குச் சற்று மேலே, தேடிப் போன மலையேறி கான்ராட் ஆங்கர் வெளுத்துப்போன ஒரு முதுகைக் கண்டார். இர்வின் என்றுதான் நினைத்தார்கள். சட்டைக் காலரைப் பார்த்தால் மேலரியின் பெயர்! இடுப்பில் அறுந்த கயிறு. பாக்கெட்டில் பனிக்கண்ணாடி, கடிதங்கள். ஒரு கடித உறையின் மேல், மளிகைக் கணக்கு மாதிரி, ஆக்சிஜன் சிலிண்டர்களின் அழுத்தம் பென்சிலில் குறித்திருந்தது. அந்த உறையின் படத்தை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேனோ!

உச்சியைத் தொட்டார்களா என்று படம் காட்டக்கூடிய, அவர்கள் கொண்டுபோன கோடக் கேமரா மட்டும் கிடைக்கவில்லை. 2024-ல் கீழே ரொங்புக் பனியாற்றில் ஒரு பூட்ஸ் கிடைத்தது, உள்ளே பாதத்தோடு. சாக்ஸில் இர்வின் பெயர் தைத்திருந்தது. கேமராவும் அவரோடு கீழே வந்திருந்தால், பனி அரைத்ததில் பிலிம் தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.