பொய்ச் சினை: பால் வற்றும்வரை செய்ய வேண்டியவை

ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து 6 முதல் 8 வாரம் ஆகியிருக்கும். ஆண் நாயோடு சேரவே இல்லை. ஆனாலும் பெட்டை நாய் கட்டிலுக்கடியில் துணியை இழுத்துப் போட்டு, முன்னங்காலால் பறித்துப் பறித்து இடம் செய்யும். ரப்பர் பொம்மையைப் பல் படாமல் கவ்விப் போய் வயிற்றோடு அணைத்துப் படுக்கும். கிட்டே போனால் உறுமும், சாப்பாடு குறையும். மடி கனத்து, காம்பில் பாலோ வைக்கோல் நிற நீரோ துளிர்த்து நிற்கும்.

சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஹீட்டுக்குப் பிறகு சுமார் 2 மாதம் நாயின் உடம்பில் சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் ஓங்கியே இருக்கும். அது இறங்கும்போது பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறுகிறது. பாலும் தாய்க்குணமும் அதனால்தான் வருகின்றன. பெரும்பாலும் 2, 3 வாரத்தில் தானே அடங்கிவிடும்.

முதல் வேலை, உண்மையான சினை இல்லை என்று ஸ்கேனில் உறுதிசெய்வது. கண்காணிப்பில்லாமல் வெளியே போய் வந்த நாய்க்கு இதைத் தவிர்க்கவே கூடாது. கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும் இதே வாரங்களில்தான் வரும். தண்ணீர் அதிகமாகக் குடிப்பது, வாந்தி, சோர்வு, பின்புறம் சீழ் கசிவது எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் கசிவே தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது மடி. பலர் தவறுவது இங்கேதான். கனத்த மடியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாலைப் பீய்ச்சிவிடலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம் என்று கை போகும். செய்யாதீர்கள். காம்பில் கை பட்டாலும் நாயே நக்கினாலும், குட்டி குடிக்கிறது என்றே உடம்பு எடுத்துக்கொண்டு இன்னும் சுரக்கும். நக்குவதை நிறுத்தாவிட்டால் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள், அல்லது பழைய பனியனைப் போட்டுவிடுங்கள். தொடாமல் கண்ணால் தினமும் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் சிவந்து கல்லாக இறுகினாலோ காய்ச்சல் அடித்தாலோ அது மடிவீக்கம், அதற்குத் தனி மருந்து வேண்டும். பால் வற்றட்டும் என்று தண்ணீரைக் குறைப்பது ஆபத்து.

பொம்மையை நாயிடமிருந்து பிடுங்கினால் கடி வாங்க நேரும். நடக்கக் கூட்டிப் போயிருக்கும்போது இன்னொருவர் பொம்மையையும் துணிக்குவியலையும் எடுத்து மறைத்துவிடட்டும். நடை நேரத்தைக் கூட்டினால் கவனம் திரும்பும். குழந்தைகளை அந்த மூலைப் பக்கம் விடாதீர்கள்.

அடங்காமல் நீண்டால் மருத்துவர், புரோலாக்டினைக் குறைக்கும் காபெர்கோலின் மருந்து தருவார்: வழக்கமாக கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், நாளுக்கு ஒருமுறை, 5 முதல் 7 நாள். 10 கிலோ நாய்க்கு 50 மைக்ரோகிராம்தான். மனிதர்களுக்கான 500 மைக்ரோகிராம் மாத்திரையைப் பத்தாக உடைப்பது நடக்கிற காரியமல்ல. திரவ மருந்து கேளுங்கள். உணவோடு கொடுத்தால் வாந்தி குறையும். வாந்தி வந்தால் அதை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைட் மருந்தைக் கொடுத்துவிடாதீர்கள், அது புரோலாக்டினை ஏற்றிவிடும். உண்மையில் சினையாக இருந்தால் காபெர்கோலின் கருவைக் கலைத்துவிடும். ஸ்கேனை முதலில் சொன்னது இதற்காகவும்தான்.

ஒருமுறை குட்டி போட்டால் சரியாகிவிடும் என்பது தவறு. அடுத்த ஹீட்டிலும் வரலாம். நிரந்தரத் தீர்வு கருத்தடை அறுவை. ஆனால் பால் இருக்கும்போது செய்துவிடாதீர்கள். புரோஜெஸ்டிரோன் சட்டென்று விழுந்து, பொய்ச் சினை மாதக்கணக்கில் நீளக்கூடும். பால் முழுக்க வற்றி, ஹீட் முடிந்து 3, 4 மாதம் ஆன பிறகு நாள் குறியுங்கள்.