கரிகாலன் சாகப் போகிறான்

ஜூலை 29, திங்கள்

அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு வந்து சேர்ந்தோம். கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருப்பதால் அவர் ஏழு நாட்கள் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். வானொலி வேண்டாம், தொலைக்காட்சியின் சத்தமும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவருக்கு யாராவது புத்தகம் படித்துக் காட்ட வேண்டுமாம்.

ஜூலை 30, செவ்வாய்

பரணிலிருந்து தாத்தாவின் நான்கு தொகுதிகளையும் இறக்கினேன். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியத்தின் படங்களோடு பைண்டு செய்த ‘பொன்னியின் செல்வன்’. ஐந்தாம் தொகுதியை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை; அந்தப் பாகம் மட்டும் பிற்பாடு கடையில் வாங்கிய அச்சுப் புத்தகம். 46 வயதாகியும் நான் இதைப் படித்ததில்லை என்பது இந்த வீட்டில் ஏறத்தாழ ஒரு குடும்ப இரகசியம்.

முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரை மேல் ஏரிக் கரையில் வந்துகொண்டிருக்கிறான். ஒரு பக்கம் முடிவதற்குள் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வருகிறது: “இவனைப் பற்றிக் கவலைப்படாதே, இவன் கடைசி வரை இருப்பான். கரிகாலன்தான் சாகப் போகிறான்.” சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் இன்னும் கதைக்குள் வரவே இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காபி போடப் போனேன்.

ஜூலை 31, புதன்

இனி எதையும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்று காலையில் நிபந்தனை விதித்தேன். காட்டுமன்னார்கோவிலில் பிறந்தவனுக்கு இதெல்லாம் இரகசியமா என்று அப்பா சிரித்தார். உடையார்குடி அனந்தீசுவரம் கோயில் சுவரில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய, அவர்களைச் சேர்ந்தவர்களுடைய சொத்துகள் என்ன ஆயின என்பதையும் அது சொல்கிறது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு கோலி விளையாடிய பிள்ளைதான் அப்பா. கதையின் முடிவு ஆயிரம் ஆண்டுகளாக ஊரார் கண்முன் கல்லில் இருக்கும்போது, அதை நான் சொன்னால் மட்டும் குற்றமா என்பது அவருடைய வாதம்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. இன்று மாலை திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டில் சதிகாரர்கள் கூடுகிற இடத்தைப் படித்தோம். ஆழ்வார்க்கடியான் ஒளிந்து நின்று கேட்கிறான். ரவிதாசன் என்ற பெயரை வாய்விட்டு உச்சரித்தவுடனேயே எனக்கு உடையார்குடிச் சுவர் நினைவுக்கு வந்துவிட்டது. ஆழ்வார்க்கடியானோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு, அவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவே தெரிந்தவளாக அந்த இருட்டில் நிற்க விரும்பினேன். அப்பாவின் புண்ணியத்தால், சாட்சிப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் தாசில்தாரைப் போல அங்கே நிற்கிறேன். பயம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது நான் கேட்ட பயம் அல்ல.

ஆகஸ்ட் 1, வியாழன்

அம்மா எந்த நாவலை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுகிறவள். யார் பிழைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுப்பில் இருக்கும் குழம்பை மறக்காமல் படிக்க முடியும் என்பாள். அப்பாவோ சினிமாப் பாட்டுப் புத்தகங்களைச் சேர்த்து வைத்தவர். அவற்றில் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி ஆற்றங்கரையில் நிற்கும் இடம் வரை சொல்லிவிட்டு, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தவருக்கு இந்த விஷயத்தில் என்னைவிட, அப்பாவைவிட, அதிகம் தெரிந்திருக்கிறது. எவ்வளவு சொன்னால் பசி வரும், எவ்வளவுக்கு மேல் சொன்னால் வயிறு நிறைந்துவிடும் என்று அவர் கணக்கு வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கதைக்குள் ஓடக்காரப் பெண் பூங்குழலி வந்துவிட்டாள். இவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. முதல் அத்தியாயத்தை மறுபடியும் படி என்றார் அப்பா. நான்கு நாட்களுக்கு முன்புதானே படித்தோம் என்றேன். கதை தொடங்குவதே ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்றுதான், இன்று படிக்காமல் வேறு என்று படிப்பது என்றார்.

படித்தேன். அந்த அத்தியாயத்தில் சம்பவம் என்று அதிகம் ஒன்றுமில்லை. ஒரு வாலிபன், களைத்த குதிரை, கடல் போன்ற வீரநாராயண ஏரி (இன்றைய வீராணம்), அதன் எழுபத்து நான்கு கணவாய்கள், கரையில் சித்திரான்னமும் பாட்டுமாக ஊர் ஜனங்கள். கரிகாலனின் சாவைத் தெரிந்துகொண்டதால் இந்தப் பக்கங்களில் எது குறைந்தது என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஓரிடத்தில் நான் ஒரு சொல்லை விட்டுவிட்டுப் படித்தபோது, தலையணையில் முகம் புதைந்த நிலையிலேயே அப்பா அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். அடுத்து வரப்போவது எந்தச் சொல் என்பதுகூடத் தெரிந்தவர், அந்தச் சொல் வரும் வரைக்கும் காத்திருக்கிறார். என் கட்சிக்கு இது நல்லதல்ல.

பிற்பகலில் அவர் மேலும் இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்தார். கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் சிலப்பதிகாரப் பதிகத்திலேயே வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் முப்பது காதைகள். இந்த நாவலிலும் மூன்றாம் பாகத்தின் பெயர் ‘கொலை வாள்’, ஐந்தாம் பாகத்தின் பெயர் ‘தியாகச் சிகரம்’. ஆசிரியரே பாகத்துக்குப் பாகம் பலகை நட்டு வைத்திருக்கும்போது என்னை மட்டும் ஏன் திட்டுகிறாய் என்றார்.

தாத்தாவின் தொகுதிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. வரிகளுக்குப் போய்ச் சேருமுன் மணியத்தின் படம் கண்ணில் பட்டுவிடுகிறது. படகில் யார் இருக்கிறார்கள் என்பதைப் படம் சொல்லிவிட, எழுத்து பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது. இதற்காக மணியத்தை யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மகன் கைபேசியில் ஓர் ஆராய்ச்சியைத் தேடி எடுத்துத் அப்பாவுக்குப் படித்துக் காட்டினான். 2011-இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர், பன்னிரண்டு சிறுகதைகளை மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்களாம். முடிவை முன்பே அறிந்து படித்தவர்களே சற்று அதிகமாக ரசித்தார்களாம், துப்பறியும் கதைகளையும் சேர்த்து. அப்பாவுக்கு ஒரே வெற்றிக் களிப்பு. 2015-இல் ஜான்சன், ரோசன்பாம் என்ற வேறு இருவர் செய்த சோதனையில் விடை நேர்மாறாக வந்ததையும் அவன் படித்தான். அதற்குள் அப்பா தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதாகக் காட்டிக்கொண்டார்.

இரண்டு சோதனைகளுமே சிறுகதைகளை வைத்து நடந்தவை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஓர் அமர்வில் முடிந்துவிடும் கதையில் முடிவைத் தெரிந்துகொள்வதும், மூன்றரை ஆண்டுகள் ஒவ்வொரு வாரமும் கடைக்கு நடந்து போய் வாங்கி வந்து, படித்துவிட்டு மறுபடி ஏழு நாட்கள் அதையே திண்ணையில் பேசிக்கொண்டிருந்த தாத்தாவுக்கு முடிவைச் சொல்லியிருப்பதும் ஒன்றாகுமா? அவரிடமிருந்து பறிபோயிருப்பது முடிவு அல்ல, அந்தத் திண்ணைப் பேச்சு. தெரிந்தவன் எதிரில் ஊகம் செய்ய யாருக்கு வாய் வரும்?

அப்பாவுக்குக் கழுத்து வலி அதிகம். இரவு பத்து மணி.

ஆகஸ்ட் 5, திங்கள்

விடியற்காலை மூன்று மணிக்கு, வலி தாங்காமல், கடம்பூர் மாளிகை அத்தியாயங்களைப் படி என்றார். இடையில் ஒன்றரைப் பாகத்துக்கு மேல் கிடக்கிறதே என்று நான் சொல்லவில்லை. அவர் குரல் அப்படி இருந்தது. கரிகாலன் சாகும் இடத்தைப் படித்தேன். ஏழு நாட்களாக என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த சாவு அது. அந்த இடத்துக்கே வந்த பிறகும், கொன்றவர் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. விளக்கு அணைந்துவிடுகிறது, இருட்டில் ஏதோ நடக்கிறது, பழி வேறொருவன் மேல் விழுகிறது. சுவரில் பெயர்கள் இருக்கின்றன, புத்தகத்தில் இருட்டு இருக்கிறது. இதுதான் முடிவு என்று அப்பா எனக்குச் சொல்லிக் கெடுத்தது உண்மையில் என்ன? கெடுக்க முடியாத ஒன்றைக் கெடுத்துவிட்டதாக ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் வேறொன்று நடந்துவிட்டது. அச்சுப் பிரதியின் பொருளடக்கத்தில் கடம்பூரைத் தேடியபோது கண் வழுக்கிக் கடைசி வரியில் போய் விழுந்தது. கையால் மறைத்தேன், அதற்குள் படித்துவிட்டேன். ‘மலர் உதிர்ந்தது!’

எந்த மலர்? பூங்குழலியா?

விடிந்ததும் கேட்டேன். கல்வெட்டு, பதிகம், பாகத் தலைப்பு என்று ஒரு வாரமாக எல்லாவற்றையும் கொட்டிய மனிதர், தரையைப் பார்த்தபடியே ஒன்றும் பேசாமல் இருந்தார். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டா என்றேன். அதற்கும் பதில் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆஸ்பத்திரி. இனி நிமிர்ந்து உட்காரலாம். காரில் திரும்பி வரும்போது மறுபடியும் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

குமிழி சுருங்கத் தொடங்கிவிட்டது. பார்வையின் குறுக்கே ஒரு கோடு தெரிகிறதாம். கோட்டுக்கு மேலே உலகம், கீழே கலங்கல். நாளுக்கு நாள் கோடு இறங்குகிறது. வீராணத்தில் மதகைத் திறந்துவிட்டது போல இருக்கிறது என்றார். எழுத்து இன்னும் தெரியவில்லை.

அம்மாவிடம் கேட்கலாம், கடைசிப் பக்கத்தை முதலில் படித்தவள், ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். சமையலறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நான்காம் பாகத்தில் இருக்கிறேன். பகலில் அவருக்காகவும், இரவில் எனக்காகவும் படிக்கிறேன். பூங்குழலி வரும் பக்கங்களை மட்டும் மெதுவாகப் படிக்கிறேன். ஐந்தாம் பாகத்தை அப்பா எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.