ஐந்து நடை அலைந்த பிறகு, பக்கத்து வீட்டில் கிடைத்த ரசீது

2006-ன் வன உரிமைச் சட்டத்தில் மனு போடப் போகிறவர்கள் என்னைப் போல ராமநாதபுரத்து அலுவலகத்துக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். ஐந்து நடை போனேன், ஒரு கையெழுத்துகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் தீவுகளைச் சுற்றிக் கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாகின. அப்புறம் அப்பத்தா காலத்துப் பிழைப்பே அத்துமீறலாகிவிட்டது.

முதல் தப்பு என்னுடையது. தன்னாட்சி உரிமை பற்றித் தேடிப் படித்து, பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-ன் பெசா சட்டத்தை மனுவின் தலைப்பிலேயே போட்டேன். "அது செல்லுபடியாகும் ஐந்தாம் அட்டவணைப் பகுதியே தமிழ்நாட்டில் கிடையாதே தம்பி" என்றார் எழுத்தர். அது சரிதான். 2006 சட்டத்துக்கு அந்த அட்டவணை தேவையில்லை என்று மாற்றி எழுதிப் போனால், "அது மலைக்காரர்களுக்கு" என்றார். அதுதான் பொறுக்கவில்லை. வனநிலம் என்ற சொல்லுக்குள் தேசியப் பூங்காவும் சேர்த்தி. சமூக உரிமைகளில் மீன் பெயர் சொல்லியே வருகிறது. நகல் எடுத்து நீட்டினேன். டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். வந்தபோது நாற்காலி காலி.

ஐந்தாம் நடையில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து விதிகளை முதலிலிருந்து படித்தேன். மனுவை வாங்குவது அலுவலகமே இல்லை! கிராம சபைதான் தொடங்க வேண்டும். அது தேர்ந்தெடுக்கும் 10 முதல் 15 பேர் கொண்ட குழுதான் மனுவை வாங்கி ஒப்புகை தர வேண்டும்.

சரி, சபையைக் கூட்டலாமென்றால் 2024 காந்தி ஜெயந்தி அன்றே மகாளய அமாவாசை. பாதி ஊர் சேதுக்கரையில், மீதி பாசியில். பாதி உறுப்பினர்களாவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள் வேண்டும். கூட்டம் கலைந்தது. இதற்கெனத் தனியாகச் சபை கூட்டலாம், அஷ்டமியாகப் பாருங்கள். நல்ல காரியத்துக்கு அஷ்டமியா என்று பெரியவர்கள் முனகினார்கள். பாசி எடுப்பது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி; பெண்கள் கரையில் இருப்பது அன்றைக்குத்தானே.

இன்னொன்று: 2005-க்கு முந்தைய 75 ஆண்டு வாழ்க்கைக்குச் சான்றாகப் பெரியவர்களின் வாக்குமூலம் செல்லும். ஆனால் மனுதாரர் தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. அப்பத்தாவை மனுதாரராக எழுதித் தொலைத்ததால் படிவத்தை மறுபடி எழுதினேன்.

குழுச் செயலாளர் பக்கத்து வீட்டு அத்தை. பாசி எடுக்க விரலில் சுற்றிய துணியை அவிழ்த்துவிட்டு ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். சபைத் தீர்மானம் அடுத்த நிலையில் மனுவைப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவுக்குப் போக வேண்டும். இந்தத் தடவை தபாலில்தான்.